பிளாஸ்மா அமினோ அமிலங்களை ஜிசி-எம்எஸ்ஸில் அளக்கலாம். ஆனால் ஊசி குத்தும் இடத்திலிருந்து தொடங்குங்கள்

சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் ஆய்வு செய்யும் மாணவர் கேட்டதன் சுருக்கம் இது. துறையில் சிங்கிள் குவாட்ரபோல் ஜிசி-எம்எஸ் (பொருள்களை ஆவியாக்கி, ‘காலம்’ (column) என்ற நீண்ட மெல்லிய குழாயில் பிரித்து, நிறையை வைத்து அளக்கும் கருவி) ஒன்று இருக்கிறது. ஆவியாக்காமல் திரவத்திலேயே பிரித்து அளக்கும் எல்சி-எம்எஸ்எம்எஸ் கிடையாது, வாங்கப் பணமும் இல்லை. சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டத்தில் இருப்பவர்களின் பிளாஸ்மாவில் அமினோ அமிலங்களை அளக்க வேண்டும். பிஎஸ்டிஎப்ஏ என்ற ரீஏஜென்ட் (வினைப்பொருள்) போட்டுப் பார்த்ததில் கிளைசினுக்கு இரண்டு பீக் (வரைபடத்தில் முகடு) வருகிறது, ஆர்ஜினின் வரவே இல்லை, குளுட்டமின் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே போகிறது. கருவி சரியில்லையா, இல்லை இந்த வேலைக்கே ஜிசி-எம்எஸ் லாயக்கில்லையா?

கருவியில் கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் சொல்லும் மூன்றும் பெரும்பாலும் சாம்பிள் இன்ஜெக்டருக்குள் போவதற்கு முன்பே நடந்து முடிந்தவை. இந்த அளவீட்டில் கடைசியில் வரும் எண்ணை நிர்ணயிப்பது ரத்தம் எடுத்த விதம், அதை வைத்திருந்த விதம், வயலுக்குள் (சாம்பிள் வைக்கும் சிறு கண்ணாடிக் குப்பி) நடந்த வேதிவினை ஆகிய மூன்றும்தான். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் தன் பங்கைப் பெரும்பாலும் ஒழுங்காகவே செய்கிறது.

முதலில் ஒரு கேள்வி: உங்களுக்கு எந்த அமினோ அமிலங்கள் வேண்டும்? “எல்லாமே” என்று சொல்லாதீர்கள். உடல் பருமன் உள்ளவர்களிடம் கிளைச்சங்கிலி அமினோ அமிலங்கள் (லியூசின், ஐசோலியூசின், வேலின்) கூடுதலாக இருப்பது 1969லேயே தெரிந்துவிட்டது. 2011ல் அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் ஆய்வில் பங்கேற்றவர்களின் ரத்தத்தைப் பார்த்தபோது ஐசோலியூசின், லியூசின், வேலின், டைரோசின், பினைல்அலனின் ஆகிய ஐந்தும் கூடுதலாக இருந்தவர்களுக்கு, 12 ஆண்டு வரையிலான கண்காணிப்பில், சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் கூடுதலாக இருந்தது. இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களிடம் கிளைசின் குறைந்திருப்பதும் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்டது. ஆக உங்கள் ஆய்வுக்கு உயிர்நாடி இந்த ஐந்தும் கிளைசினும். குளுட்டமினும் குளுட்டமேட்டும் சேர்ந்தால் நல்லது. ஆர்ஜினின் உங்களுக்குத் தேவையே இல்லை. தேவையில்லாத ஒன்று வரவில்லை என்று இத்தனை நாள் கவலைப்பட்டிருக்கிறீர்கள் என்றால், உங்கள் சுமையில் கால்வாசி இப்போதே இறங்கிவிட்டது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இருபது அமினோ அமிலங்களையும் ஒரே வினையில் ஒரே தரத்தில் கொண்டுவரும் ரீஏஜென்ட் ஜிசிக்கு இதுவரை கிடையாது. அமினோ அமிலம் தண்ணீரில் ஒரு முனையில் நேர்மின்னும் மறுமுனையில் எதிர்மின்னும் தாங்கி நிற்கிறது; சூடாக்கினால் ஆவியாவதற்கு முன்பே சிதைந்துவிடும். அதனால் இரண்டு முனைகளையும் வேறு வேதிக்குழுக்களால் மூடித்தான் காலத்துக்குள் அனுப்ப முடியும். எதைக் கொண்டு மூடுகிறோம் என்பதைப் பொறுத்து எது நன்றாக வரும், எது உடையும், எது வேறொன்றாக மாறும் என்பது தீர்மானமாகிறது.

உங்கள் மூன்று சிக்கல்களையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். பிஎஸ்டிஎப்ஏ ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில் டிரைமெத்தில்சிலில் குழுவை வைக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நிறை 72 கூடும். கிளைசினின் அமில முனையில் மாறக்கூடிய ஹைட்ரஜன் ஒன்று, அமினோ முனையில் இரண்டு. அமில முனையோடு அமினோ முனையில் ஒன்று மட்டும் மாறினால் மொத்தம் இரண்டு சிலில் கொண்ட கிளைசின். இரண்டும் மாறினால் மூன்று சிலில் கொண்ட கிளைசின். இரண்டும் தனித்தனி பீக். வெப்பநிலை, நேரம், ஈரப்பதம், வயல் எத்தனை மணி நேரம் டிரேயில் காத்திருந்தது என்பதைப் பொறுத்து இந்த இரண்டின் விகிதம் மாறிக்கொண்டே இருக்கும். இரண்டு பரப்புகளையும் கூட்டிக்கொண்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அதை நான் ஏற்கவில்லை. இரண்டும் ஒரே அளவு அயனிகளைத் தருவதில்லை என்பதால் விகிதம் மாறினால் கூட்டுத்தொகையும் மாறும்.

ஆர்ஜினின் காணாமல் போகவில்லை, ஆர்னிதினாக மாறிவிட்டது. சிலில் ரீஏஜென்டோடு சூடாக்கும்போது குவானிடினோ குழு உடைந்து இது நடக்கிறது. இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது, இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். சிவப்பணுக்களுக்குள் ஆர்ஜினேஸ் என்ற என்சைம் உண்டு. ரத்தம் எடுக்கும்போது செல்கள் உடைந்தால், அதுவும் ஆர்ஜினினை ஆர்னிதினாக மாற்றும். அதாவது வயலில் நடந்த வேதிவினையும் டியூபில் நடந்த ஹீமாலிசிஸும் (சிவப்பணு உடைதலும்) உங்கள் குரோமட்டோகிராமில் ஒரே முகத்தோடுதான் வந்து நிற்கும். ஆர்னிதின் கூடுதலாக இருக்கிறது என்று எழுதப்பட்ட ஒரு கட்டுரையைப் படித்தால், எந்த ரீஏஜென்ட், பிளாஸ்மா சிவந்திருந்ததா என்ற இரண்டையும் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

குளுட்டமின் விஷயம் இதைவிட நுட்பமானது. அது இரண்டு வழியில் தேயும். ஒன்று, சேமிப்பில்: குளுட்டமின் மெல்ல அம்மோனியாவை இழந்து குளுட்டமேட்டாகவோ பைரோகுளுட்டமேட்டாகவோ மாறும். மைனஸ் 20 டிகிரி ஃபிரீசரில் மாதக்கணக்கில் வைத்தால் இது தாராளமாக நடக்கும். மைனஸ் 80 வேண்டும். இரண்டாவது, டெரிவடைசேஷனில், அதாவது ரீஏஜென்டால் முனைகளை மூடும் வினையில்: சூட்டில் குளுட்டமின் வளையமாக மூடிக்கொண்டு பைரோகுளுட்டமேட் ஆகிவிடும். எது உங்கள் பிரச்சினை என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு நாள் போதும். அன்று காலை கரைத்த தூய குளுட்டமின் ஸ்டாண்டர்டை மட்டும் டெரிவடைஸ் செய்து ஏற்றுங்கள். அதிலேயே பைரோகுளுட்டமேட் பெரிதாக வந்தால் குற்றவாளி வயலுக்குள் இருக்கிறது. ஸ்டாண்டர்ட் சுத்தமாக வந்து, சாம்பிளில் மட்டும் குளுட்டமின் இறங்கி குளுட்டமேட் ஏறியிருந்தால் ஃபிரீசரைப் பாருங்கள். வாரத்துக்கு வாரம் குறைகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால் எனக்கு ஃபிரீசர் மேல்தான் சந்தேகம். ஒரே பிளாஸ்மாவைத் திரும்பத் திரும்ப உருக்கி உறையவைத்திருந்தால் அதையும் நிறுத்துங்கள்; முதல் நாளே சின்னச் சின்ன டியூபாகப் பிரித்து வைத்துவிடுங்கள்.

சரி, எந்த ரீஏஜென்டுக்கு மாறலாம்?

இரண்டு நல்ல வழிகள் இருக்கின்றன. முதலாவது, டிரைமெத்தில்சிலிலுக்குப் பதிலாக டெர்ட்-பியூட்டைல்டைமெத்தில்சிலில் குழுவைத் தரும் எம்டிபிஎஸ்டிஎப்ஏ. இது பருமனான குழு. அமினோ முனையில் ஒன்று மட்டுமே உட்காரும், இரண்டாவதற்கு இடம் இருக்காது. அதனால் கிளைசினுக்கு ஒரே பீக். ஒவ்வொரு குழுவுக்கும் நிறை 114 கூடும்; அயனியாக்கத்தில் பியூட்டைல் உதிர்ந்து 57 குறையும். அயனிகளின் நிறைக் கணக்கு அழகாக வரும்: கிளைசின் 246, அலனின் 260, வேலின் 288, லியூசினும் ஐசோலியூசினும் 302, பினைல்அலனின் 336, குளுட்டமேட் 432, டைரோசின் 466. இவ்வளவு உயரமான எண்களில் பின்னணி இரைச்சல் குறைவு. ஒரு எச்சரிக்கை: லைசினும் குளுட்டமினும் இரண்டுமே 431ல் வரும். காலத்தில் பிரிந்துதான் வரும் என்றாலும், எது எது என்பதைத் தனி ஸ்டாண்டர்ட் ஏற்றி உறுதிசெய்யாமல் பெயர் எழுதாதீர்கள். ஆர்ஜினினுக்கு இந்த முறையிலும் நல்ல பலன் கிடைக்காது.

இதன் பலவீனம் தண்ணீர். சிலில் ரீஏஜென்ட் எதுவானாலும் சாம்பிள் எலும்பு காய்ந்ததுபோல் காய்ந்திருக்க வேண்டும். சென்னைக் காற்றில் இதைச் சாதிப்பது ஒரு தனிப்பாடு. ஏசி ஓடாத அறையில், ஐப்பசி கார்த்திகையில், நைட்ரஜன் ஓட்டி உலர்த்திய வயலைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்து மேசைக்குப் போய்வந்தாலே போதும், அது காற்றிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொள்ளும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ரீஏஜென்ட் பாட்டிலைக் குளிரோடு திறந்தால் ஈரம் உள்ளே படிந்து பாட்டில் முழுவதும் வீணாகும். அறை வெப்பநிலைக்கு வந்தபிறகே மூடியைத் தொட வேண்டும். உலர்த்தி முடித்தபின் கொஞ்சம் டைகுளோரோமீத்தேனோ டொலுவீனோ விட்டு மறுபடி உலர்த்தினால் மிச்சமிருக்கும் தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

இரண்டாவது வழி குளோரோபார்மேட். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இதைத்தான் எடுப்பேன். செக் நாட்டைச் சேர்ந்த பெட்ர் ஹுஷெக் 1991ல் வெளியிட்ட முறை இது. எத்தில் குளோரோபார்மேட், எத்தனால், பிரிடின் மூன்றும் சேர்ந்தால் அமினோ அமிலத்தின் இரண்டு முனைகளும் அறை வெப்பநிலையில், தண்ணீருக்குள்ளேயே, சில விநாடிகளில் மூடப்பட்டுவிடும். சூடாக்க வேண்டாம் என்பதால் குளுட்டமின் வளையமாவதற்கு அவகாசம் குறைவு. தண்ணீர் இருந்தாலும் பாதகமில்லை என்பதால் சென்னையின் ஈரக்காற்று உங்களை ஒன்றும் செய்யாது. மூல முறையில் தண்ணீர், எத்தனால், பிரிடின் 60:32:8 விகிதக் கலவையில் 5 மைக்ரோலிட்டர் குளோரோபார்மேட் விட்டு, பிறகு 1 சதவீதம் அதே குளோரோபார்மேட் கலந்த குளோரோபார்மில் பிரித்தெடுப்பார்கள். அடியில் இறங்கும் குளோரோபார்ம் அடுக்கை அப்படியே எடுத்து ஏற்றலாம். புரோப்பைல் குளோரோபார்மேட்டை வைத்து, 100 மைக்ரோலிட்டர் பிளாஸ்மா போதும் என்ற அளவில், ஆயத்த கிட்டும் சந்தையில் உண்டு. வசதியானது, ஆனால் நூற்றுக்கணக்கான சாம்பிளுக்கு வாங்குவது ஒரு ஆய்வு மாணவரின் நிதிக்கு எட்டாது. ரீஏஜென்ட்களைத் தனித்தனியாக வாங்கி நீங்களே செய்யலாம், கடினமில்லை.

ஆர்ஜினின் இதிலும் வராது. குவானிடினோ குழுவை இந்த ரீஏஜென்ட் மூடாமல் விட்டுவிடும். என்றாவது ஆர்ஜினின் கட்டாயம் வேண்டுமென்றால் எஸ்டராக்கி, பிறகு புளோரின் கொண்ட அமில அன்ஹைட்ரைடால் மூடும் பழைய இரண்டு கட்ட முறைக்குப் போக வேண்டும். 1960களில் மிசூரி பல்கலைக்கழகத்தில் சார்லஸ் கெர்கே வளர்த்தெடுத்த முறை அது. அவர் குழு பின்னாளில் அப்போலோ கொண்டுவந்த நிலவு மண்ணிலும் அமினோ அமிலம் இருக்கிறதா என்று ஜிசியில் தேடியது. பொறுமை உள்ளவர்களுக்கு இன்றும் அது நல்ல முறைதான்.

பாதுகாப்புப் பற்றி இரண்டு வார்த்தை. குளோரோபார்மேட்டின் ஆவி கண்ணையும் நுரையீரலையும் கடுமையாகத் தாக்கும். ஃபியூம் ஹூட் இல்லாமல் திறக்கவே கூடாது. வினையின்போது கார்பன் டை ஆக்சைடு குமிழிட்டு வரும், எனவே விட்ட உடனே இறுக மூடாதீர்கள். உங்கள் துறையில் ஃபியூம் ஹூடின் மோட்டார் ஓடுகிறதா என்று ஒரு காகிதத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். அது உள்ளே இழுக்கவில்லை என்றால் அதைச் சரிசெய்யும்வரை இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். உங்கள் உடம்பைவிட எந்த ஆய்வும் பெரிதில்லை.

பிளாஸ்மாவை நேராக இதில் போடுவதைவிட முதலில் சுத்தப்படுத்துவது நல்லது. நேர்மின் அயனிப் பரிமாற்றி ரெசினைச் சின்ன பிளாஸ்டிக் டிப்பில் நிரப்பி, அமிலமாக்கிய பிளாஸ்மாவை அதன்வழி விடுங்கள். அமினோ அமிலங்கள் ரெசினில் பிடித்துக்கொள்ளும். புரதம், குளுக்கோஸ், கரிம அமிலங்கள் எல்லாம் தண்ணீரில் கழுவிக்கொண்டு போகும். பிளாஸ்மாவில் குளுக்கோஸ் ஒரு லிட்டருக்கு 5 மில்லிமோல், அதாவது பினைல்அலனினைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு. உங்கள் நோயாளிகளிடம் அதற்கும் மேலே. அதைக் கழிக்காமல் சிலில் ரீஏஜென்ட் விட்டால் ரீஏஜென்டில் பெரும்பகுதியை குளுக்கோஸே தின்றுவிடும். பிறகு அம்மோனியா நீரால் அமினோ அமிலங்களை இறக்குங்கள். இறக்கியபின் அம்மோனியா முழுவதும் போகும்வரை நைட்ரஜன் ஓட்ட வேண்டும், அதுவும் சூடு அதிகம் இல்லாமல். மிச்சமிருக்கும் அம்மோனியா எத்தில் குளோரோபார்மேட்டோடு வினைபுரிந்து யூரித்தேன் என்ற எத்தில் கார்பமேட்டைத் தரும். அது ரீஏஜென்டையும் வீணாக்கும், புற்றுநோய் அபாயமும் உள்ள பொருள்.

இனி நான் மிக முக்கியமாக நினைக்கும் பகுதிக்கு வருகிறேன்: ரத்தம்.

உங்கள் ஆய்வில் இரு குழுவுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மடங்கு மூன்று மடங்கு என்று இருக்காது. ஆரோக்கியமான பெரியவரிடம் வெறும் வயிற்றில் ஒரு லிட்டருக்கு லியூசின் 120 மைக்ரோமோலை ஒட்டியும், வேலின் 200க்குச் சற்று மேலும், பினைல்அலனினும் டைரோசினும் 60ஐ ஒட்டியும் இருக்கும். இதில் சிறிய ஏற்றத்தைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள். ஒரு குவளை பால் அதைவிடப் பெரிய ஏற்றத்தைக் கொடுத்துவிடும்.

நம் ஊரில் “வெறும் வயிற்றில் வாருங்கள்” என்று சொன்னால் காலைக் காபியை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. “சாப்பிட்டீங்களா?” என்றால் “இல்லை” என்பார்கள், அது உண்மையும்கூட. “காபி, டீ, பால், ஹார்லிக்ஸ் ஏதாவது?” என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். முந்தைய இரவு எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள் என்பதையும் படிவத்தில் எழுதுங்கள். இரவு ஷிப்ட் முடித்துவிட்டு அதிகாலை மூன்று மணிக்கு பிரியாணி சாப்பிட்டவர் காலை எட்டு மணிக்கு உங்கள் முன்னால் உட்கார்ந்திருந்தால் அவரை இன்னொரு நாள் வரச்சொல்லுங்கள். 10 முதல் 12 மணி நேரம் இடைவெளி வேண்டும். ரத்தம் எடுக்கும் நேரமும் எல்லோருக்கும் காலையிலேயே இருக்கட்டும். நாளின் நேரத்தோடு இந்த அளவுகள் ஏறி இறங்கும்.

ஹெப்பாரின், இடிடிஏ எதுவானாலும் சரி, எல்லோருக்கும் ஒன்றே இருக்க வேண்டும். சீரம் வேண்டாம். உறைவதற்குக் காத்திருக்கும் நேரத்தில் செல்களிலிருந்து அமினோ அமிலங்கள் கசியும். எடுத்த உடனே ஐஸ் நீரில் வைத்து, அரை மணி நேரத்துக்குள் 4 டிகிரியில் சென்ட்ரிபியூஜ் செய்யுங்கள். பிளாஸ்மாவை உறிஞ்சும்போது ஆசைப்பட்டு அடிவரை போகாதீர்கள். நடுவே மெல்லிய வெள்ளைப் படலமாக இருக்கும் வெள்ளணுக்களிலும் தட்டணுக்களிலும் டாரினும் குளுட்டமேட்டும் நிறைய. ஆஸ்பார்டேட் பிளாஸ்மாவில் 10 மைக்ரோமோலுக்கும் கீழே, செல்களுக்குள் அதைவிடப் பல மடங்கு. ஆக ஆஸ்பார்டேட், டாரின் இரண்டும் திடீரென்று உயர்ந்திருக்கும் சாம்பிளை நோயாளியின் உடலைப் பற்றிய செய்தியாகப் படிக்காதீர்கள், டியூபைப் பற்றிய செய்தியாகப் படியுங்கள். பிளாஸ்மா இளஞ்சிவப்பாக இருந்தால் தயங்காமல் ஒதுக்குங்கள்.

திருவொற்றியூரிலோ தாம்பரத்திலோ முகாம் போட்டு ரத்தம் சேகரிப்பதாக இருந்தால் ஒரு சின்ன சென்ட்ரிபியூஜை முகாமுக்கே கொண்டுபோய்விடுங்கள். முழு ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்து பைக்கில் அனுப்பினால், மே மாத வெயிலில் அண்ணா சாலை நெரிசலில் அந்தப் பெட்டி எவ்வளவு நேரம் நிற்கும் என்பது உங்கள் கையில் இல்லை. அதைவிட மோசமானது, நோயாளிகளின் ரத்தம் முகாமிலிருந்தும் ஒப்பீட்டுக் குழுவின் ரத்தம் கல்லூரி வளாகத்திலிருந்தும் வருவது. அப்போது நீங்கள் அளப்பது சர்க்கரை நோயை அல்ல, பயண நேரத்தை. இந்த ஒரு பிழையை எந்தப் புள்ளியியல் மென்பொருளாலும் பின்னால் பிரித்தெடுக்க முடியாது.

அப்புறம் கேலிப்ரேஷன், அதாவது தெரிந்த அளவுகளை ஏற்றி, பீக்கின் பரப்பை அளவாக மாற்றும் கோடு போடுவது. நம் கல்லூரிகளில் ஜிசி-எம்எஸ் என்றாலே மூலிகைச் சாறை ஏற்றி, நூலகத்தோடு ஒப்பிட்டு, பரப்புச் சதவீதத்தை அட்டவணை போடுவது என்று ஒரு பழக்கம் படிந்துவிட்டது. அந்தச் சதவீதம் இங்கே எதற்கும் உதவாது. ஒவ்வொரு அமினோ அமிலமும் ஒவ்வொரு திறனில் வினைபுரிகிறது, ஒவ்வொரு அளவில் அயனியாகிறது. ஒவ்வொன்றுக்கும் தனி கேலிப்ரேஷன் கோடு வேண்டும், சாம்பிள் எடுத்த முதல் நொடியிலேயே சேர்த்த இன்டர்னல் ஸ்டாண்டர்டும் (இழப்பைச் சரிக்கட்ட எல்லாச் சாம்பிளிலும் ஒரே அளவு சேர்க்கும் பொருள்) வேண்டும்.

எல்லோரும் நார்வேலினை ஒரே இன்டர்னல் ஸ்டாண்டர்டாக வைத்து ஓட்டுவார்கள். தொடக்கத்துக்கு அது போதும். ஆனால் உங்கள் ஐந்து அமினோ அமிலங்களுக்காவது ஐசோடோப் குறியிட்ட ஸ்டாண்டர்ட் (சில அணுக்கள் மட்டும் கனமாக உள்ள அதே அமினோ அமிலம்) வாங்குங்கள் என்று வற்புறுத்துவேன். பிரித்தெடுப்பதில் லியூசின் எவ்வளவு இழக்கப்படுகிறதோ அதே விகிதத்தில் கார்பன்-13 லியூசினும் இழக்கப்படும், விகிதம் மாறாது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருப்பதன் முழுப் பயன் இங்கேதான் கிடைக்கிறது. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எத்தில் குளோரோபார்மேட் முறையில் அமினோ அமிலத்தின் கார்பாக்சில் முனை உதிர்ந்த துண்டுதான் பெரிய அயனி: கிளைசினுக்கு 102, அலனினுக்கு 116, வேலினுக்கு 144, லியூசினுக்கும் ஐசோலியூசினுக்கும் 158. அந்த முனைக் கார்பனில் மட்டும் குறியிட்ட மலிவான லியூசினை வாங்கிவிட்டால் குறியீடு அந்த முனையோடு கழன்று போய்விடும். துண்டு சாதாரண லியூசினைப் போலவே 158ல் வந்து கலந்துவிடும். ஆறு கார்பனும் குறியிட்டதை வாங்கினால், ஒன்று போனாலும் ஐந்து மிஞ்சி 163ல் தனியாக நிற்கும். வேலினுக்கு அதே கணக்கில் 148. பினைல்அலனினுக்கும் டைரோசினுக்கும் வளையத்தில் குறியிட்டதை எடுங்கள். முழுதும் குறியிட்ட பாசி அமினோ அமிலக் கலவை விலை குறைவாகக் கிடைக்கும். அதைத் தயாரிக்க அமிலத்தில் கொதிக்க வைப்பதால் குளுட்டமினும் டிரிப்டோபானும் அதில் இருக்காது, உங்கள் ஐந்துக்கும் கிளைசினுக்கும் தாராளமாகப் போதும். சிலில் முறைக்கே போவதானால் பியூட்டைல் மட்டும் உதிர்வதால் அமினோ அமிலத்தின் எல்லாக் கார்பனும் அயனியிலேயே இருக்கும். ஆனால் சிலிக்கனுக்கு இயற்கையிலேயே 29, 30 நிறை கொண்ட ஐசோடோப்புகள் 5 சதவீதத்தையும் 3 சதவீதத்தையும் ஒட்டி உண்டு, அதைக் கழித்துக் கணக்கிட வேண்டும்.

லியூசினும் ஐசோலியூசினும் ஒரே எண்ணில் வருவது உங்களைப் பயமுறுத்த வேண்டாம். 30 மீட்டர் நீளமுள்ள, 5 சதவீதம் பினைல் கொண்ட சாதாரண காலத்திலேயே இரண்டும் நன்றாகப் பிரியும். பிறந்த குழந்தைகளின் குதிகால் ரத்தத்தை நேராக எம்எஸ்எம்எஸ்ஸில் செலுத்திப் பார்க்கும்போது லியூசின், ஐசோலியூசின், அலோஐசோலியூசின், ஹைட்ராக்சிபுரோலின் நான்கும் ஒரே எண்ணாகச் சேர்ந்துதான் தெரியும். அந்த இடத்தில் உங்கள் பழைய ஜிசி, விலை உயர்ந்த கருவியைவிடத் தெளிவாகப் பேசுகிறது. நார்வேலினும் வேலினும்கூட 144லேயே வரும், அவற்றையும் நேரத்தால்தான் பிரிக்கிறீர்கள் என்பதை மறக்காதீர்கள்.

பாலிஎத்திலீன் கிளைக்கால் காலம் பொருத்தப்பட்டிருக்கும் கருவியில் சிலில் சாம்பிளை ஏற்றவே கூடாது. ரீஏஜென்ட் காலத்தையே தாக்கும். உங்கள் கருவி பழுதாகி ஐஐடி மெட்ராஸில் உள்ள பொதுக் கருவி மையம் போன்ற இடத்துக்கு சாம்பிளைக் கொண்டுபோக நேர்ந்தால், என்ன ரீஏஜென்ட், என்ன கரைப்பான் என்று எழுதி முன்கூட்டியே கேளுங்கள். அளவிடும் அயனியாக 73ஐயும் 147ஐயும் எடுக்காதீர்கள். சிலில் முறையில் அவை எல்லாப் பொருளிலிருந்தும் வரும். மின்சாரம் போய் வந்த பிறகு வாக்குவம் முழுதாகத் திரும்பும்வரை பொறுத்திருந்து, காற்றுக் கசிவும் டியூனும் (கருவியின் நிறை அளவுச் சரிபார்ப்பு) பார்த்த பின்னரே சாம்பிள் ஏற்றுங்கள்.

அமினோ அமிலம் இல்லாத பிளாஸ்மா என்று ஒன்று கிடையாது என்பதால் ‘வெற்று’ மேட்ரிக்ஸில் கேலிப்ரேஷன் போட முடியாது. தண்ணீரில் ஒரு கோடு போடுங்கள், கலந்த பிளாஸ்மாவில் தெரிந்த அளவுகளைச் சேர்த்து இன்னொரு கோடு போடுங்கள். இரண்டு கோடுகளின் சாய்வும் ஒத்துப்போனால் தண்ணீர்க் கோட்டை நம்பலாம். பல பேரின் பிளாஸ்மாவைக் கலந்து, பிரித்து, மைனஸ் 80ல் வைத்து, ஒவ்வொரு பத்து சாம்பிளுக்கும் நடுவே ஒன்றை ஏற்றுங்கள். அது 15 சதவீதம் ஆடினால், நீங்கள் தேடும் வித்தியாசம் அந்த ஆட்டத்துக்குள்ளேயே புதைந்துவிடும். 5 சதவீதத்துக்குக் கொண்டுவரப் பாருங்கள். குறியிட்ட ஸ்டாண்டர்ட் இருந்தால் எட்டக்கூடிய இலக்குதான். நோயாளி, ஒப்பீட்டுக் குழு இரண்டையும் கலைத்துப் போட்ட வரிசையில் ஏற்ற வேண்டும். திங்கள் முழுதும் நோயாளி, செவ்வாய் முழுதும் மற்றவர் என்று ஓட்டினால் இன்ஜெக்டருக்குள் இருக்கும் லைனர் குழாய் அழுக்கானதுகூட உங்கள் கண்டுபிடிப்பாகிவிடும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த முறை நன்றாக ஓடத் தொடங்கியதும் குழந்தைகள் வார்டிலிருந்து யாராவது ஒரு சாம்பிளோடு வருவார்கள். நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்யும் வழக்கம் நீண்டகாலமாக உள்ள நம் மாநிலத்தில், அமினோ அமில வளர்சிதைக் குறைபாடுகளைப் பற்றிய சந்தேகம் மருத்துவர்களுக்கு அடிக்கடி எழுகிறது. உதவ மனம் துடிக்கும். உங்கள் எண்ணை அந்த மருத்துவரிடம் வாய்மொழிக் குறிப்பாகச் சொல்லலாம். கையெழுத்திட்ட ரிப்போர்ட்டாகக் கொடுக்காதீர்கள். பினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாட்டில், பினைல்அலனின் 360 மைக்ரோமோலைத் தாண்டியிருக்கிறதா என்பதை வைத்து ஒரு குழந்தையின் வாழ்நாள் உணவு முடிவாகும். பழைய அலகில் அது 6 மில்லிகிராம். ஒரு டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பது சுமார் 60 மைக்ரோமோல். அந்த முடிவு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திலிருந்து வர வேண்டும். சாம்பிளைச் சரியாகப் பிரித்து, உறையவைத்து, அங்கே பத்திரமாகப் போய்ச் சேரும்படி ஏற்பாடு செய்து கொடுப்பதே அந்தக் குடும்பத்துக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

உடனே செய்ய வேண்டியது என்று கேட்டால்: எத்தில் குளோரோபார்மேட் சின்ன பாட்டில் ஒன்று, பிரிடின், நார்வேலின், குறியிட்ட பாசிக் கலவை இவற்றுக்கு முதலில் கொள்முதல் கடிதம் எழுதுங்கள், குறியிட்டவை வெளிநாட்டிலிருந்து வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை நேரம் வீணாகாது. உங்கள் துறை நண்பர்கள் நாலைந்து பேரிடம், நெறிமுறைக் குழு அனுமதியோடு, காபி குடிக்காமல் வரச்சொல்லி ரத்தம் எடுத்துக் கலந்து அந்தக் கட்டுப்பாட்டு பிளாஸ்மாவைத் தயார் செய்யுங்கள். அதில் ஒரு பகுதியை அரை மணியில் பிரித்தும், இன்னொரு பகுதியை மூன்று மணி நேரம் மேசையில் விட்டுப் பிரித்தும் வையுங்கள். ரீஏஜென்ட் வந்ததும் முதலில் ஏற்ற வேண்டியது அந்த இரண்டையும்தான். முகாமிலிருந்து வரும் டியூபுகளுக்கு எவ்வளவு நேரம் வரை அனுமதிக்கலாம் என்ற வரம்பை அந்த எண்களைப் பார்த்து எழுதிவிட்டு, பிறகு முதல் நோயாளியின் பெயரைப் பதிவேட்டில் சேருங்கள்.